மகனோடு தனுஷ்கோடி வரை

எங்கள் மொரப்பூர், ரயிலை நம்பி இருக்கும் ஊர். சென்னைக்குப் போவதானாலும் சரி, சேலம், கோயமுத்தூர் போவதானாலும் சரி, ஸ்டேஷனுக்குப் போய் வண்டி ஏறிவிடுவோம். 1906-ஆம் வருஷமே இங்கிருந்து தருமபுரிக்குச் சின்ன ரயில் விட்டார்கள். பிறகு அது ஓசூர் வரை போயிற்று. இரண்டாவது உலக யுத்தத்தின்போது தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆக, தூரப் பிரயாணம் என்றாலே எங்களுக்கு ரயில்தான். மோட்டார் சைக்கிள் என்பது பால் வாங்கவும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும், அவசரத்துக்கு அரூர் போய் வரவும்தான்.

இந்த ஊரில் இருபத்து மூன்று வருஷமாகக் குடித்தனம் செய்யும் நான், 2025 ஆகஸ்டில் என் மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, பதினோரு வண்டிகளோடு சேர்ந்து தனுஷ்கோடி வரை போய் வந்தேன். போக வர ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல்! “நாப்பத்தாறு வயசுல உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்த வேலை?” என்று என் நாத்தனார் போனில் கேட்டாள். ஊர் சுற்றும் ஆசையில் போகிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சகோதரிகளே, நான் போனது ஆசையில் இல்லை, பயத்தில்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. எனக்கு ஒரே ஒரு தம்பி. சின்ன வயதில் எங்கள் அப்பா டி.வி.எஸ். 50 வைத்திருந்தார். 1980-ல் ஓசூரில் அந்த வண்டி செய்ய ஆரம்பித்தபோது ஓசூர் எங்கள் தருமபுரி ஜில்லாவில் இருந்தது. ‘நம்ம ஜில்லா வண்டி’ என்று அப்பா பெருமையாகச் சொல்லுவார். தம்பி முன்னால் நிற்க, நானும் அம்மாவும் பின்னால் நெருக்கி உட்கார, நாலு பேரும் சந்தைக்குப் போவோம். வண்டி ஆசை தம்பிக்கு அப்போதே பிடித்துக்கொண்டது. வளர்ந்து வேலைக்குப் போனதும் முதல் சம்பளத்தில் சீட்டுக் கட்டி, ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினான். கூடவே ஒரு நல்ல ஹெல்மெட்டும் வாங்கினான். அந்த நாளில் எங்கள் பக்கம் யாரும் ஹெல்மெட் வாங்கமாட்டார்கள்.

2008-ல் ஒரு நாள் ராத்திரி அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். சாப்பாடு பரிமாறும்போது பார்த்தால் தயிர் இல்லை. “ஒரு பாக்கெட் தயிர் வாங்கிட்டு வந்துடுடா” என்றேன். எழுந்து போனான். “ஹெல்மெட்டு?” என்று கேட்டேன். “இங்கேதானேக்கா!” என்றான். வீட்டிலிருந்து கடை ஒரு கிலோ மீட்டர்கூட இருக்காது. நாய் ஒன்று குறுக்கே ஓடியதாம். பெரிய வேகமும் இல்லை. உடம்பில் ஒரு காயம் கிடையாது, தலையில் மட்டும்தான் அடி. இரண்டு நாள் கண் விழிக்காமலே இருந்து போய்விட்டான். ஹெல்மெட் எங்கள் வீட்டுக் கூடத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

தயிர் வாங்க அவனை அனுப்பியது நான் என்பது என்னவருக்கும் என் மாமியாருக்கும் தெரியும். அவர்கள் அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் யாரிடமும் பேசியதில்லை. அந்த ஹெல்மெட்டை ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிப் பரணில் வைத்துவிட்டேன்.

என் மகனுக்கு அப்போது ஐந்து வயது. இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தவணையில் ஒரு புல்லட் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். தருமபுரிப் பக்கத்து மோட்டார் சைக்கிள் குழு ஒன்றிலும் சேர்ந்துவிட்டான். லீவு நாளில் கூட்டமாகச் சேர்ந்து எங்காவது தூரமாய்ப் போய் வருவார்களாம். சுதந்திர தினத்தோடு சேர்ந்து மூன்று நாள் லீவு வருகிறது, தனுஷ்கோடிக்குப் போகிறோம் என்றான்.

“கூடவே கூடாது” என்றேன். இரண்டு நாள் நான் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து உட்கார்ந்தான். “அம்மா, நீயும் வா. வந்து பார்த்துட்டு, இது வேணாம்னு தோணுச்சுன்னா சொல்லு. நான் குழுவை விட்டுடறேன்” என்றான். இதற்கு என்ன பதில் சொல்வது? அவனைத் தனியே அனுப்பிவிட்டு மூன்று நாள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடக் கூடப் போவது மேல் என்று தோன்றிவிட்டது. உரக்கடையை விட்டு வர முடியாது என்று என்னவர் சொன்னார். “ஆடிக் கடைசி வெள்ளியும் அதுவுமா, அம்மனுக்குக் கூழ் ஊத்தாம வண்டியில கிளம்புறாளாம்!” என்று என் மாமியார் மோவாயில் கை வைத்தார். கூழை வியாழக்கிழமையே கரைத்து வைத்தேன்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் குழுவின் தலைவர் வீட்டுக்கு வந்தார். தருமபுரியில் மருந்துக் கடை வைத்திருப்பவர், ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் ‘கேப்டன்’ என்கிறார்கள். “அக்கா, ஒரு துண்டுச் சீட்டுல உங்க பேரு, ரத்த வகை, வீட்டுப் போன் நம்பர் எழுதிச் சட்டைப் பையில வெச்சுக்கணும். இது எல்லாருக்கும் சட்டம்” என்றார். என் ரத்த வகை எனக்கே தெரியவில்லை! பிரசவத்துக்குப் போன காலத்து அட்டையைப் பெட்டியில் தேடி எடுத்துப் பார்த்தேன். வீட்டில் எல்லோருடைய ரத்த வகையும் நமக்குத் தெரிய வேண்டாமா? நீங்களும் இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.

புடவையில் வரக்கூடாது, ஒரு பக்கமாக உட்காரக்கூடாது என்பது அடுத்த சட்டம். முந்தானையும் துப்பட்டாவும் பின்சக்கரத்தில் சிக்கி எத்தனையோ பெண்கள் விழுந்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சுடிதார் தைத்துக்கொண்டேன். துப்பட்டா இல்லாமல் தெருவில் இறங்கக் கூச்சமாக இருந்தது. மேலே ஒரு கனத்த ஜாக்கெட்டை மாட்டிவிட்டான் மகன். கண்ணாடியில் பார்த்தால் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 15. விடியும் நேரத்தில் மொரப்பூரை விட்டோம். தருமபுரி பைபாஸில் மற்றவர்கள் காத்திருந்தார்கள். பன்னிரண்டு வண்டி, பதினைந்து பேர். அதில் ஒரு வண்டியைத் தானே ஓட்டி வந்தவர் பென்னாகரம் பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர். முப்பத்தைந்து வயது இருக்கும். கேப்டன் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து ஒவ்வொருவருடைய ஹெல்மெட் பட்டையையும் இழுத்துப் பார்த்தார், சின்னப் பிள்ளைகளுக்கு ஷூ லேஸ் பார்ப்பது மாதிரி.

கேப்டன் முதலில் போவார். அவருக்கு அடுத்தாற்போல் பழக்கம் குறைந்தவர்களும், என்னைப் போல ஆளை ஏற்றிக்கொண்டு வருகிறவர்களும். நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவர் கடைசியில் வருவார். அவரிடம் ஸ்பானர் பெட்டியும் முதலுதவிப் பெட்டியும் இருக்கும். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக்கூடாது. ஒருவர் ரோட்டின் இடது ஓரமாகவும் அடுத்தவர் கொஞ்சம் பின்னால் வலப்பக்கமாகவும் போகவேண்டும். முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் போட்டாலும் பின்னால் வருபவருக்கு இடம் இருக்கும். குழுவுக்குள் முந்துவது கிடையாது. பள்ளம் வந்தால் முன்னவர் காலை நீட்டிக் காட்டுவார். அதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். இருட்டிய பிறகு வண்டி எடுப்பதில்லை. மூன்று நாளும் மது வாசனையே கூடாது.

அரைமணி நேரத்தில் தொப்பூர் கணவாய் வந்தது. எங்கள் ஜில்லாக்காரர்களுக்குத் தொப்பூர் என்றாலே அடிவயிறு கலங்கும். சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் போய் எத்தனை விபத்துகள்! நான் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது வண்டிகள் எல்லாம் ஒரே வரிசையில், நல்ல இடைவெளி விட்டு, எறும்பு போவது போல இறங்கிக்கொண்டிருந்தன. யாருக்கும் அவசரம் இல்லை. நம் ஊர்க் கல்யாணத்துக்குப் போகும் பையன்கள் இப்படி இறங்கி நான் பார்த்ததே இல்லை.

சேலம், நாமக்கல் தாண்டி, வேலூர்ப் பாலத்தில் காவிரியைக் கும்பிட்டு, கரூர், திண்டுக்கல் வழியாக மதுரை. ஒரு மணிக்கு ஒரு தடவை நிறுத்திவிடுவார்கள். பெட்ரோல் பங்க் பார்த்து நிறுத்தச் சொன்னது டீச்சர்தான். நான் பாத்ரூமுக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். “நம்ம பொம்பளைங்க எல்லாரும் பண்ற தப்பு இது அக்கா. தண்ணி குடிக்காம அடக்கி வெச்சா நீர்க்கடுப்பு வரும், தலை சுத்தும். குடிங்க, நான் கூட வரேன்” என்று பாட்டிலைக் கையில் கொடுத்தார். பஸ்ஸில் போகும்போதும் ரயிலில் போகும்போதும் காலமெல்லாம் இதைத்தானே செய்து வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஐந்து நிமிஷம் நடந்து, இடுப்பை வளைத்து நிமிர்ந்ததில் முதுகுவலியும் சமாளிக்கும்படி இருந்தது.

மதுரையில் சாப்பிட்டு, மானாமதுரை தாண்டிப் பரமக்குடி நெருங்கும்போது கடைசியில் வந்தவர் விடாமல் ஹாரன் அடித்தார். உடனே எல்லா வண்டியும் ஓரம் கட்டின. என்னவென்றால், ஒரு பையன் லேசாகத் தூங்கி வழிகிறான், அவன் வண்டி கோட்டை விட்டு விலகுகிறது! அவன் “ஒண்ணுமில்ல சார், முகம் கழுவினா சரியாயிடும்” என்று கெஞ்சினான். கேப்டன் கேட்கவில்லை. மர நிழலில் துண்டை விரித்து அவனைப் படுக்கவைத்து, அரைமணி தூங்கவிட்டார். பதினான்கு பேரும் காத்திருந்தோம். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. வீட்டில் ஒருவருக்காக இன்னொருவர் பத்து நிமிஷம் காத்திருக்கிறோமா?

அன்றிரவு ராமநாதபுரத்தில் தங்கினோம். டீச்சரும் நானும் ஒரே அறை. “நீ ஓட்டுறதுக்கு வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?” என்று கேட்டேன். சிரித்தார். 1916-லேயே அகஸ்டா, அடலீன் வான் பியூரன் என்று அமெரிக்காவில் அக்கா தங்கை இரண்டு பேர், ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் அந்த நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை போனார்களாம். வழியில் போலீஸ் அவர்களைப் பிடித்தது வேகத்துக்காக இல்லை, ஆண்கள் மாதிரி கால்சட்டை போட்டதற்காக! துப்பட்டா இல்லாமல் நான் கூசியது ஞாபகம் வந்தது. நம் நாட்டிலும் 2023 அக்டோபரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பெண்கள், ஸ்ரீநகர், ஷில்லாங், கன்னியாகுமரி மூன்று இடத்திலிருந்தும் மோட்டார் சைக்கிளில் கிளம்பிக் குஜராத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். கேட்கக் கேட்கப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் பாம்பன் பாலம். 1988-ல் திறந்த ரோட்டுப் பாலம். இரண்டே கால் கிலோ மீட்டருக்கு மேல் நீளம். பக்கத்தில் 1914-ல் கட்டிய பழைய ரயில் பாலம், அதற்கு அருகில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம். கப்பல் வந்தால் இதன் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே எழும்புமாம். ரயில் ஊர்க்காரியான நான் ஆசையாகப் பார்க்கலாம் என்றால் காற்று விட்டால்தானே! ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை அங்கேதான் கண்ணால் கண்டேன். ஹெல்மெட்டோடு தலையை யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. மறுபடி ஒற்றை வரிசை, மெதுவான வேகம்.

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் சர்ச்சைப் பார்த்தோம். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்த ரயிலே கடலோடு போய்விட்டது. அதற்கு அப்பால் அரிச்சல்முனை வரை 2017-ல் தார்ரோடு திறந்திருக்கிறார்கள். இரு பக்கமும் கடல், ரோட்டின்மேல் காற்று கொண்டு வந்து போட்ட மணல். ரோடு முடிகிற இடத்தில் வண்டியைத் திருப்பும்போது முன்சக்கரம் மணலில் வழுக்கியது. மிஞ்சிப்போனால் இருபது கிலோ மீட்டர் வேகம்தான் இருக்கும். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் தலை தரையில் ‘டொக்’ என்று மோதிய சத்தம் எனக்கே கேட்டது.

எழுந்து உட்கார்ந்தேன். மகன் அலறிக்கொண்டு ஓடிவந்தான். அவனுக்கு ஒன்றும் இல்லை. முதலுதவிப் பெட்டியோடு இரண்டு பேர் வந்து, உடனே எழுந்திருக்காதீர்கள் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வாந்தி வருகிறதா, தலை சுற்றுகிறதா, விரலை அசைக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார் கேப்டன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தேன். இடது காதுக்கு மேலே, ஒரு சாண் நீளத்துக்கு ஆழமாகக் கீறியிருந்தது.

என் தம்பிக்கு அடிபட்டது அதே இடத்தில்தான்.

அந்தக் கீறலைத் தடவிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டேன். வலியில் அழுகிறேன் என்று நினைத்து எல்லோரும் பதறினார்கள். பிறகு மகன் என்னைக் கரைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு பக்கக் கடல் அமைதியாக இருக்கிறது, மறுபக்கம் கொந்தளிக்கிறது. பெண்கடல், ஆண்கடல் என்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள். அங்கே உட்கார்ந்து, பதினேழு வருஷமாகச் சொல்லாததை அவனிடம் சொன்னேன். தயிர், ஆணியில் தொங்கிய ஹெல்மெட், எல்லாம்.

வெகுநேரம் அவன் பேசவில்லை. “மாமா முகம் எனக்குச் சரியா ஞாபகம் இல்லம்மா. வண்டியில முன்னாடி என்னை நிக்க வெச்சு ஓட்டுவாரு. அந்தக் காத்து மட்டும் ஞாபகம் இருக்கு” என்றான். கொஞ்சம் பொறுத்து, “அந்த ஹெல்மெட்டு எங்கம்மா?” என்று கேட்டான். பரணில் இருக்கிறது என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “நீ அனுப்பினதால போகலம்மா” என்றான். அதை நம்புவதற்கு எனக்கு இன்னும் நாள் ஆகும். ஆனால் ஒருவர் வாயால் கேட்டுவிட்டேன்.

ராமேஸ்வரத்தில் சுவாமி தரிசனம் செய்து, மதுரையில் தங்கி, ஞாயிறு சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தோம். குழுவை விடச் சொல்வாயா என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஆயிரம் கிலோ மீட்டருக்கு இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறவர்கள், தெருமுனைக் கடைக்குத் தலையில் ஒன்றும் இல்லாமல் போகிறோமே என்ற பயம்தான் இப்போது.

என்னைப் போன்ற தாய்மார்களுக்கு நான் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நம் மாநிலத்தில் பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் உண்டு. ஆகவே வீட்டில் ஒன்று இருந்தால் போதாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, தலைக்கு இறுக்கமாக நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். பட்டையைப் போடாத ஹெல்மெட், போடாத ஹெல்மெட்டுக்குச் சமம். ஒரு தடவை பலமாக அடிபட்டதை மறுபடி உபயோகிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் மெத்தை ஒரு தடவைதான் அடியை வாங்கும். நாலு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கு, 2022-ல் வந்த விதிப்படி, ஹெல்மெட்டோடு ஓட்டுகிறவருடன் சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும். நாற்பது கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. குழந்தையை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு போவதை நாம்தான் நிறுத்த வேண்டும். ரோட்டில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் 108-க்குப் போன் செய்யத் தயங்காதீர்கள். முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டமும் இருக்கிறது.

வந்த மறுநாள் பரணிலிருந்து அந்தப் பையை இறக்கினேன். தம்பியின் ஹெல்மெட்டில் உள்மெத்தை பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதைத் துடைத்து அவன் போட்டோவுக்குக் கீழே வைத்தேன். வாசல் நிலைக்குப் பக்கத்தில் புதிதாக நாலு ஆணி அடித்து, நாலு ஹெல்மெட் மாட்டியிருக்கிறேன்.

போன வாரம் என்னவர் பால் வாங்கக் கிளம்பினார். ஒன்றைக் கழற்றி நீட்டினேன். “இங்கேதானே போறேன்!” என்றார். நான் வாசலை விட்டு நகரவில்லை. உள்ளேயிருந்து என் மாமியார், “வாங்கி மாட்டிக்கிட்டுப் போடா, பால் திரிஞ்சா போயிடும்?” என்றார். மாட்டிக்கொண்டு போனார்.